வீட்டுக் கணினிக்கு ஏற்ற களஞ்சியம்

முன்னொரு காலத்திலே ஒரு குடும்பத்தின் பத்திரங்களெல்லாம் அலுமாரியிலோ தகரப் பெட்டியிலோ பூட்டி வைக்கப்பட்டிருந்தன. காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், திருமணப் படம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ் ஆகிய யாவும் அப்பெட்டிக்குள்ளேயே அடங்கின. இன்றோ அவற்றின் பிரதிகளும், கடல்கடந்து வாழும் உறவினர் அனுப்பும் படங்களும், உயர்தர வகுப்பு மாணவன் இரண்டாண்டுகளாகச் சேர்த்த குறிப்புகளும் கணினிக்குள்ளே குடிபுகுந்துவிட்டன. பெட்டியின் பூட்டைப் பற்றி அன்று எவ்வளவு கவனஞ் செலுத்தினோமோ, அவ்வளவு கவனத்தைக் கணினியின் களஞ்சியத்தைப் பற்றி இன்று செலுத்துகின்றோமா என்பது கேட்கத்தக்க கேள்வியாகும்.

இக்கேள்வி பெரும்பாலும் எழுவது கணினி தளர்ந்துபோகுங் காலத்திலேதான். பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் திரை ஆயத்தமாவதில்லை. ‘இது பழையதாகிவிட்டது, புதியதொன்று வாங்கவேண்டும்’ என்று வீட்டிலே பேச்சு எழுகின்றது. ஆனால், ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கிய கணினிகள் பலவற்றிலே தளர்ந்திருப்பது மூளையன்று, களஞ்சியமே. ஹாட் டிஸ்க் என்று நாம் வழங்கும் வன்தட்டை அகற்றி, அவ்விடத்திலே எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பங்குச் செலவோடு அதே கணினி மேலுஞ் சில ஆண்டுகள் உழைக்கும்.

அவ்வாறாயின் எதனை வாங்குவது? கடைக்குச் சென்றால் ஒரே கொள்ளளவுடைய பொருள்கள் பல விலைகளிலே அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெட்டியின் மேலும் வேகத்தைக் குறிக்கும் எண்ணே பெரிய எழுத்திலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. வீட்டுக்கு வேண்டியதோ வேகத்தின் உச்சமன்று. வைத்த பொருள் வைத்தபடி இருக்கும் என்னும் நம்பிக்கையே. அந்நம்பிக்கையைக் குறைந்த செலவில் எவ்வாறு பெறலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோமாக.

தட்டும் சில்லும்

வன்தட்டின் முன்னோடி 1956ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அப்பெரும் பொறி ஏறத்தாழ ஒரு தொன் நிறையுடையது. அதிற் சேமிக்கக்கூடியவை ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துகளே. இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் ஓரிரு படங்களிலேயே அது நிரம்பிவிடும். பின்னர் வந்த வன்தட்டுகள் உருவிலே சிறுத்துக் கொள்ளளவிலே பெருத்தனவாயினும் அவற்றின் அமைப்பு மாறவில்லை. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலுந் தட்டொன்றும், அதன் மேல் அசைந்து சென்று படிக்குங் கையொன்றும் இன்றும் உள்ளன.

அக்கை வேண்டிய இடத்தைச் சென்றடைய ஏறத்தாழ ஒரு செக்கனின் நூறிலொரு பங்கு நேரம் ஆகின்றது. இது சிறிய நேரமே. எனினும், கணினி விழித்தெழும்போது பல்லாயிரஞ் சிறு கோப்புகளைத் தட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து படிக்கவேண்டியிருக்கின்றது. நூலகத்திலே ஒரு நூலுக்காக ஒரு தடவை எழுந்து செல்வது எளிது. ஆயிரம் நூல்களுக்காக ஆயிரந் தடவை எழுந்து நடக்கும் நூலகரின் நிலையே வன்தட்டின் நிலையாகும்.

எஸ்.எஸ்.டி. என்பதைக் கலைச்சொல்லால் திண்மநிலைச் சேமிப்பகம் என்பர். அதிலே சுழல்வதும் இல்லை; அசைவதும் இல்லை. சிலிக்கன் சில்லிலே அமைந்த கோடிக்கணக்கான நுண்ணறைகளுள் மின்னேற்றத்தை அடைத்து வைப்பதன் மூலம் அது செய்தியைக் காக்கின்றது. மின்சாரம் நின்றபின்னும் அம்மின்னேற்றம் அறைக்குள்ளேயே தங்கியிருக்கும். ஃபிளாஷ் எனப்படும் இந்நினைவகத்தை 1980களிலே யப்பானின் தொஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய பூஜியோ மசுவோக்கா என்பார் உருவாக்கினார். ஒரு தொகுதி அறைகளை ஒரே கணத்தில் அழிப்பது படப்பிடிப்பாளரின் மின்னல் விளக்கை ஒத்திருந்தமையால், உடன் பணியாற்றிய ஒருவர் அப்பெயரை எடுத்துக் கொடுத்தார் என்பர்.

இதிலே வேண்டிய இடத்தை அடைய வன்தட்டுக்கு ஆகும் நேரத்தின் நூறிலொரு பங்கு, அல்லது அதனினுங் குறைவான நேரமே ஆகும். வீட்டிலே நாம் உணரும் மாற்றத்துக்குக் காரணம் இதுவே. 1991ஆம் ஆண்டிலே, அந்நாளிற் சன்டிஸ்க் எனப் பெயர் பூண்டிருந்த சான்டிஸ்க் நிறுவனம் 20 மெகாபைற்றுக் கொள்ளளவுடைய எஸ்.எஸ்.டி. ஒன்றை ஏறத்தாழ 1,000 டொலருக்கு விற்றது. அன்று பெருநிறுவனங்களே வாங்கக்கூடியதாயிருந்த பொருள் இன்று நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியுள்ளது.

பொருந்துவது எது?

வாங்குமுன் முதலிற் செய்யத்தக்கது கணினியைத் திறந்து, அல்லது அதன் மாதிரி எண்ணைக் கொண்டு விசாரித்து, அதற்கு எவ்வகை பொருந்தும் என அறிதலாகும். கடைகளிலே மூன்று வகைகளைக் காணலாம்.

முதலாவது, 2.5 அங்குல சாட்டா வகை. இது மடிக்கணினியின் பழைய வன்தட்டின் அளவினது. அது இருந்த இடத்திலே அப்படியே அமரும். மேசைக் கணினியிலும் சிறு தாங்கியொன்றின் உதவியோடு இதனைப் பொருத்தலாம். இதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 550 மெகாபைற்று; சாட்டா இணைப்பு அதற்கு மேல் இடங்கொடாது. இரண்டாவது, சூயிங்கம் தகடு போன்ற எம்.2 உருவிலே அமைந்த சாட்டா வகை. மூன்றாவது, அதே எம்.2 உருவிலே அமைந்த என்.வி.எம்.இ. வகை. இம்மூன்றாவது வகை செக்கனுக்கு 3,500 மெகாபைற்று, 7,000 மெகாபைற்று என விரையும்.

இரண்டாவதும் மூன்றாவதும் உருவிலே ஒன்றுபோலத் தோன்றும். பொதுவாக இரண்டும் 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமும் உடையன. ஆனால், ஒன்றுக்கென அமைந்த துளையிலே மற்றது இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. தாய்ப்பலகையின் விவரக் கையேட்டைப் பாராது இவற்றை வாங்குதல் கூடாது.

7,000 என்பது 550ஐப் பார்க்கிலும் பன்னிரு மடங்குக்கு மேற்பட்ட எண்ணாயினும், கணினி பன்னிரு மடங்கு விரைவாக விழித்தெழுவதில்லை. பெட்டியின் மேற் பொறித்த வேகம் ஒரு பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைப்பது. கடிதம் எழுதுதல், பாடங் கேட்டல், கணக்குப் பார்த்தல் முதலிய வீட்டு வேலைகளிலே வன்தட்டிலிருந்து சாட்டாவுக்கு மாறும்போது தோன்றும் வேறுபாடு மிகப் பெரிது, சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறும்போது தோன்றும் வேறுபாடு சிறிது. நீண்ட திரைப்படங்களைத் தொகுப்போருக்கே அப்பெரு வேகத்தால் உண்மைப் பயன் உண்டு. விலை ஒன்றாயிருந்து துளையும் பொருந்துமாயின் என்.வி.எம்.இ. வாங்குக. வேகத்துக்காக மட்டும் மிகுபணங் கொடுத்தல் வேண்டா.

இங்கே ஓர் எச்சரிக்கை. வின்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவுற்றது. எஸ்.எஸ்.டி. கணினியை விரைவாக்குமேயன்றி அக்குறையைத் தீர்க்காது. ஆதலால், தமது கணினி வின்டோஸ் 11ஐ ஏற்குமா, அன்றி லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளம் ஒன்று தமக்குப் போதுமா என்பதைத் தீர்மானித்த பின்னரே செலவு செய்தல் நன்று.

எவ்வளவு வேண்டும்?

பொதுவான குடும்பத்துக்கு 500 ஜிகாபைற்று அளவு போதும். எழுத்து வேலையும் இணையமும் மட்டுமாயின் 250 ஜிகாபைற்றுங் காணும். படங்களும் காணொளிகளும் மிகுதியாயின் ஒரு டெராபைற்று வேண்டும். வெவ்வேறு கொள்ளளவுகளின் விலையை ஜிகாபைற்று எண்ணிக்கையாற் பிரித்து, ஒரு ஜிகாபைற்றுக்கு எத்தனை ரூபா எனக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மிகச் சிறிய கொள்ளளவு மலிவு போலத் தோன்றினும், அலகு விலையிலே அதுவே உயர்ந்ததாய் இருப்பதைப் பலகாற் காணலாம். நினைவகச் சில்லுகளின் விலை உலகச் சந்தையிலே ஏறியும் இறங்கியும் வருவதாதலால், சென்ற ஆண்டு நண்பர் வாங்கிய விலையை வைத்து இவ்வாண்டின் விலையை மதிப்பிடல் ஆகாது.

500 எனப் பொறித்த பொருள் கணினியிலே 465 எனக் காட்டுவது கண்டு கடைக்காரரோடு சிலர் வாதிடுவதுண்டு. அதிலே வஞ்சகம் யாதும் இல்லை. உற்பத்தியாளர் ஆயிரத்தை அலகாகக் கொண்டு எண்ணுகின்றனர். வின்டோஸ் 1,024ஐ அலகாகக் கொண்டு எண்ணுகின்றது. மேலும், எஸ்.எஸ்.டி.யை விளிம்புவரை நிரப்பினால் அது மந்தமாகும். பத்திலொரு பங்கேனும் வெறுமையாக விடுதல் நன்று.

தேய்வு பற்றிய அச்சம்

எஸ்.எஸ்.டி.யின் நுண்ணறைகள் எழுத எழுதத் தேயும் என்பது உண்மையே. ஓர் அறையிலே மூன்று பிற்றுகளை அடக்குவதை டி.எல்.சி. என்றும், நான்கு பிற்றுகளை அடக்குவதைக் கியூ.எல்.சி. என்றும் வழங்குவர். முன்னையது மின்னேற்றத்தின் எட்டு மட்டங்களை வேறுபடுத்தி அறியவேண்டும். பின்னையது பதினாறு மட்டங்களை அறியவேண்டும். ஒரு குவளையிலே நீர் உண்டா இல்லையா என்று சொல்லுதல் எளிது. பதினாறு கோடுகளுள் எக்கோட்டிலே நிற்கின்றது என்று சொல்லுதல் அரிது. ஆதலாற் கியூ.எல்.சி. விரைவிலே தேயும்; பெருந்தொகையான கோப்புகளை ஒருங்கே எழுதும்போது வன்தட்டினுந் தாழ்ந்த வேகத்துக்கு இறங்குவதும் உண்டு.

உற்பத்தியாளர் எத்தனை டெராபைற்று எழுதும்வரை பொறுப்பேற்கின்றனர் என்பதை டி.பி.டபிள்யூ. என்னும் எண்ணாற் குறிப்பர். எடுத்துக்காட்டாக, சாம்சங் நிறுவனத்தின் 870 ஈவோ என்னும் டி.எல்.சி. வகையிலே ஒரு டெராபைற்றுக் கொள்ளளவுக்கு இவ்வெண் 600, உத்தரவாதம் ஐந்தாண்டு. அதே நிறுவனத்தின் 870 கியூ.வி.ஓ. என்னும் கியூ.எல்.சி. வகையிலே அதே கொள்ளளவுக்கு 360, உத்தரவாதம் மூன்றாண்டு. விலை வேறுபாடு சிறிதாயின் டி.எல்.சி. வகையையே நாம் பரிந்துரைப்போம்.

எனினும் இத்தேய்வைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. 500 ஜிகாபைற்று 870 ஈவோவின் எண் 300. நாளொன்றுக்கு 20 ஜிகாபைற்று எழுதுகின்றோம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 7.3 டெராபைற்று ஆகின்றது. அக்கணக்கின்படி 300 டெராபைற்றை எட்ட 41 ஆண்டுகள் செல்லும்! மேலும், ‘ரெக் ரிப்போர்ட்’ என்னும் அமெரிக்க இதழ் 2013 முதல் 2015 வரை ஆறு எஸ்.எஸ்.டி.களை ஓயாது எழுதிச் சோதித்தது. 240 முதல் 256 ஜிகாபைற்று வரையான அளவினவான அவை ஒவ்வொன்றும் 700 டெராபைற்றைத் தாண்டின. இறுதிவரை நின்றது 2,400 டெராபைற்றை எட்டியது. வீட்டுக் கணினியிலே எஸ்.எஸ்.டி. தேய்ந்து இறத்தல் அரிது என்பது இதனாற் பெறப்படும்.

உண்மையான பகைவர்

அங்ஙனமாயின் எஸ்.எஸ்.டி.கள் பழுதாவதே இல்லையா? ஆகின்றன. பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் சேவைக் கணினிகளிலுள்ள சேமிப்பகங்களின் பழுதுக் கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகின்றது. அக்கணக்கின்படி எஸ்.எஸ்.டி.களுள் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று பழுதாகின்றது. ரொறொன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளரும் கூகிள் நிறுவனத்தாரும் 2016இலே வெளியிட்ட ஆய்வொன்று, எஸ்.எஸ்.டி.கள் வன்தட்டுகளிலும் பார்க்கக் குறைவாகவே மாற்றப்பட்டன என்று கண்டது. அதே ஆய்வு, படிக்க முடியாது போகுஞ் செய்திகள் எஸ்.எஸ்.டி.களிலே மிகுதி என்றுங் கண்டது. பொருள் நிலைத்திருக்க, உள்ளிருந்த செய்தி மட்டும் அழிதல் கூடும் என்பதே இதன் கருத்து.

பழுதுக்குரிய காரணங்களுள் ஒன்று நிலைபொருள் எனப்படும் உள்ளமைந்த கட்டளைத் தொகுதியிலுள்ள வழுவாகும். 2019 நவம்பரிலே எச்.பி.இ. நிறுவனம் தான் விற்ற சேவைக்கணினி எஸ்.எஸ்.டி.களுட் சில வகைகள் 32,768 மணி நேரம் இயங்கியதும் முற்றாகச் செயலிழக்கும் என்று அறிவித்தது. அஃதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளிலே இயக்கத் தொடங்கிய பத்துப் பொருள்களும் ஏறக்குறைய ஒரே வேளையில் இறந்துபோகும். உள்ளிருந்தவற்றை மீட்கவும் வழியில்லை. நிலைபொருளைத் திருத்திக்கொண்டோர் தப்பினர். ஆகவே, திருத்தங்களை ஒழுங்காக வெளியிடும் நிறுவனத்தின் பொருளை வாங்குதலும், அத்திருத்தங்களை ஏற்றிக்கொள்ளுதலும் இன்றியமையாதன.

மற்றொரு பகைவன் திடீரென நிற்கும் மின்சாரம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் எச்.பி. ஆய்வுகூடத்தாரும் 2013இலே 15 எஸ்.எஸ்.டி.களை மின்னிழப்புக்கு உட்படுத்திச் சோதித்தபோது 13 தவறின. எழுதிக்கொண்டிருக்கும் வேளையிலே மின் அறுந்தால், எழுதியதும் எழுதப்படுவதும் ஒருங்கே கெடக்கூடும். 2022 மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நமது நாட்டு மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மேசைக் கணினி வைத்திருப்போர் சிறிய யூ.பி.எஸ். ஒன்றையேனும் சேர்த்து வாங்குவாராக. மடிக்கணினியிலே அதன் பற்றரியே அப்பணியைச் செய்யும். பற்றரி செத்த மடிக்கணினிக்கு அப்பாதுகாப்பு இல்லை.

கடையிலே பார்க்க வேண்டியவை

போலிப் பொருளே எல்லாவற்றினுங் கொடிய பகைவன். 16 டெராபைற்று எஸ்.எஸ்.டி. சில ஆயிரம் ரூபாவுக்கு என்னும் விளம்பரங்களைக் காண்கின்றோம். அப்பெட்டியைப் பிளந்தால் உள்ளே சிறியதொரு நினைவக அட்டையே இருக்கும். கணினியிடம் பொய்யான கொள்ளளவைக் கூறுமாறு அதன் கட்டுப்படுத்தி திரிக்கப்பட்டிருக்கும். முதற் சில நாள்கள் யாவும் செவ்வனே நடைபெறும். உண்மைக் கொள்ளளவு நிரம்பியபின் எழுதப்படுவன சேமிக்கப்படுவதில்லை. அல்லது முன்னர் எழுதியவற்றின் மேலேயே எழுதப்படுகின்றன. கோப்புகளின் பெயர்கள் திரையிலே வரிசையாகத் தோன்றும், உள்ளடக்கமோ இராது. திருமணப் படங்கள் அங்ஙனம் மறைந்தபின் வருந்தி ஆவதொன்றில்லை.

ஆதலால், அறியப்பட்ட உற்பத்தியாளரின் பொருளை, அவர்தம் அங்கீகாரம் பெற்ற முகவரின் உத்தரவாதத்தோடு வாங்குக. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதனை நிறைவேற்றுபவர் கடைக்காரரா முகவரா என்பவற்றைக் கேட்டறிந்து, பொருளின் தொடரெண்ணைப் பற்றுச்சீட்டிலே எழுதுவித்துக்கொள்க. வீட்டுக்குக் கொணர்ந்ததும், கோப்புகளை அதில் வைக்குமுன்னரே, அதனை முழுதும் நிரப்பிப் படித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவசச் செயலிகளுள் ஒன்றை இயக்கிப் பார்க்க. சில மணி நேரத்திலே உண்மை வெளிப்படும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னுஞ் செயலி அது எத்தனை மணி நேரம் இயங்கியது என்பதைக் காட்டும். புதியதென விற்ற பொருள் பல்லாயிரம் மணி நேரம் உழைத்ததெனக் கண்டால் உடனே திருப்பிக் கொடுக்கலாம்.

பழைய தட்டை எறிய வேண்டா

உத்தரவாதம் எதற்கு என்பதையும் தெளிவாக உணர்தல் வேண்டும். பழுதான பொருளுக்குப் பதிலாகப் புதிய பொருளை அவர்கள் தருவர். உள்ளிருந்த பிள்ளையின் படத்தைத் தாரார். எத்துணை உயர்ந்த விலை கொடுத்து வாங்கினாலும் இவ்வுண்மை மாறாது. நூற்றுக்கு ஒன்று என்பது, அந்த ஒன்று நமது வீட்டிலே இருக்கும்போது, நூற்றுக்கு நூறே.

ஆகவே, இரண்டாவது பிரதியே உண்மையான நம்பிக்கையைத் தருவது. அதற்குரிய பொருளும் வீட்டிலேயே இருக்கின்றது. கணினியிலிருந்து அகற்றிய பழைய வன்தட்டு பழுதின்றி இருக்குமாயின், யூ.எஸ்.பி. உறையொன்றை வாங்கி அதனுள் இடலாம். அவ்வுறையின் விலை மிகச் சிறிது. மாதத்துக்கு ஒரு தடவை முக்கியமான கோப்புகளை அதிலே பிரதி செய்து, கணினியினின்றுங் கழற்றி, வேறோர் அறையில் வைக்க. அத்தட்டு மந்தமானதுதான், மாதமொரு முறை செய்யும் பணிக்கு மந்தம் ஒரு குறையன்று. மேலும், அது எஸ்.எஸ்.டி.யினின்றும் வேறான முறையிலே இயங்குவதால், இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே வேளையிற் கெடுதல் அரிது. வயது சென்ற தட்டாதலால், அதன் நலத்தையும் முற்கூறிய செயலியாற் சோதித்துக்கொள்ளல் வேண்டும். தளர்ச்சி காட்டினால் வேறொன்றுக்கு மாற்றிவிடுக. இன்னொரு பிரதியை இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ வைத்தல் மேலும் சிறப்பு.

எஸ்.எஸ்.டி.யிலே கோப்புகளை வைத்து அலுமாரியிற் பூட்டிவிடுவதை நாம் பரிந்துரையோம். மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும் இயல்பினது. வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். ஜெடெக் என்னும் தராதர அமைப்பின் விதி, எழுத்தெல்லையை எட்டிய வீட்டு எஸ்.எஸ்.டி. மின்னின்றி 30 பாகை வெப்பத்திலே ஓராண்டுக்குச் செய்தியைக் காக்கவேண்டும் என்று மட்டுமே கேட்கின்றது. புதிய பொருள் அதனினும் நெடுங்காலங் காக்குமாயினும், நமது நாட்டு வெப்பத்திலே பல்லாண்டுக் காப்பகமாக அதனை நம்புதல் தகாது.

முடிவாகக் கூறுமிடத்து, கணினிக்குப் பொருந்துவதும், டி.எல்.சி. வகையினதும், அறியப்பட்ட நிறுவனத்தினதும், முகவரின் உத்தரவாதம் உடையதுமான 500 ஜிகாபைற்று எஸ்.எஸ்.டி. பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது. அதற்கு மேற்பட்ட வேகத்துக்குச் செலவிடக் கருதிய பணம் கையில் இருக்குமாயின், அதனை யூ.எஸ்.பி. உறைக்கும் யூ.பி.எஸ்.இற்கும் செலவிடுவதே முறை. பிள்ளைகள் உள்ள வீட்டிலே மாதாந்தப் பிரதியெடுக்கும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். பரீட்சைக்கு முந்திய வாரத்திலே கணினி நின்றுபோனாலும் குறிப்புகள் கையிலிருக்கும் வீட்டார், தாம் செலவிட்ட நேரத்துக்கு வருந்தமாட்டார் என்பதே எமது துணிபு.